மூன்றாவது திறப்பு

"வயித்துக்குத்து இப்ப எப்பிடிப் பிள்ளை?"

படலையடியில் நின்று பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார ஐயா கேட்டார். நான் வேலை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தேன். "பரவாயில்லை ஐயா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். நாலடி நடந்த பிறகுதான் கால் நின்றது. எனக்கு வயிற்றுக்குத்து என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. மாதத்தில் அந்த மூன்று நாளும் போடுகிற குளிசை அலுமாரியில், உள்ளுடுப்புகளுக்குக் கீழே, ஒரு துணிப்பைக்குள் இருந்தது. அந்தப் பையைத் திறந்து பார்க்காத ஒருவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது.

திரும்பிப் பார்த்தேன். அவர் பூமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

நான் கிளிநொச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இலத்திரனியல் படிப்பிக்கிறேன். ஊர் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம். தினமும் பஸ்ஸில் வந்து போகப் பார்த்தேன், இரண்டு மாதத்தில் முதுகு விட்டுப்போனது. அதனால் இரணைமடுப் பக்கம் போகிற வழியில் ஒரு ஒழுங்கைக்குள் இந்த அறையை எடுத்தேன். நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த வாடகை அறைப் பட்டியலில் முதலாவதாக இருந்த விலாசம் இதுதான். வீட்டின் பின்பக்கம், தனிக் கதவு, சின்னக் குசினி. என்னோடு இன்னொரு பிள்ளையும் இருந்தாள். முல்லைத்தீவு முஸ்லிம் பிள்ளை. தொண்ணூறில் குடும்பத்தை ஊரைவிட்டு அனுப்பியதால் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, வாப்பாவும் உம்மாவும் திரும்பி வந்த பிறகு கூட வந்தவள். நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. என்னைவிட ஆறு வயது இளையவள். வாய் மட்டும் என்னைவிட மூத்தது.

அறைக்கு ஐயா போட்ட நிபந்தனை ஒன்றுதான். கதவில் அவருடைய ஆமைப்பூட்டுத்தான் தொங்கவேண்டும். அதற்கு இரண்டு திறப்பு. ஒன்று எங்களிடம், மற்றது அவரிடம். "அவசரத்துக்கு" என்றார். அந்தச் சொல்லை நான் அப்போது கேள்வி கேட்கவில்லை. ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், கோயில் சபையில் இருப்பவர், வெள்ளை வேட்டி. எல்லாரும் "தங்கமான மனுசன்" என்றார்கள்.

அன்று அறைக்குள் போய் அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் தொழுகைப் பாயை எடுத்து எனக்கு முன்னால் விரித்தாள்.

"அக்கா, நான் பாயை மடிக்கிறது இந்தப் பக்கம். இது ரெண்டு கிழமையா மற்றப் பக்கம் மடிஞ்சு கிடக்கு. நான் என்ட மறதி எண்டு நினைச்சன்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. கட்டில் விரிப்பைக் கழற்றி வாளிக்குள் போட்டேன். அலுமாரியில் இருந்த எல்லாத் துணியையும் தோய்த்தேன். தோய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கோபம் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

அடுத்த நாள் ஐயாவின் மனைவியிடம் போனேன். அவா குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் சொன்னதைக் கேட்டுக் கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"அவர் தண்ணிக் குழாய் ஒழுகுதோ எண்டு பாக்கப் போயிருப்பார் பிள்ளை. வீட்டுக்காரர் பாக்கத்தானே வேணும்."

"குழாய் அலுமாரிக்குள்ளயோ அன்ரி இருக்கு?"

அவா என்னை நிமிர்ந்து பார்த்தா. அந்தப் பார்வையில் ஆச்சரியம் இல்லை. அவாவுக்குத் தெரியும். எங்களுக்கு முந்தி இருந்த பிள்ளைகளும் வந்து இதே குசினி வாசலில் நின்றிருப்பார்கள்.

பிறகு ஒரு அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். பெண்களுடைய முறைப்பாடுகளைக் கேட்பதற்கென்றே ஒரு மேசை போட்டு, அதில் ஒரு பெண்ணையும் இருத்தியிருந்தார்கள். அவா நல்ல மாதிரித்தான் கதைத்தா. இருக்கச் சொன்னா, தண்ணீர் தந்தா.

"என்ன களவு போனது?"

"ஒண்டும் போகேல்லை."

"உங்களை ஏதும் செய்தவரோ?"

"இல்லை. நாங்கள் இல்லாத நேரம் உள்ளுக்கு வாறார்."

"யாரும் கண்டவையோ? சாட்சி இருக்கோ?"

நான் பாயைப் பற்றிச் சொன்னேன். குளிசையைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னதாகிக்கொண்டு போனது. அவா பேனையை மூடி வைத்துவிட்டு, "சாட்சி ஏதும் கிடைச்சால் வாங்கோ தங்கச்சி" என்றா.

வெளியே வந்து ஏ ஒன்பது வீதியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பதினைந்து வயதில், சண்டை முடிந்த நேரம், எங்கள் குடும்பம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தது. அதற்குக் கதவு இல்லை. யாரும் வரலாம், தறப்பாளைத் தூக்கிப் பார்க்கலாம், என்ன எத்தனை பேர் என்று கேட்கலாம். என் உடுப்பை அம்மா முன்னால் நின்று சேலையால் மறைத்தால்தான் மாற்றுவேன். அப்போதே நினைத்துக்கொண்டேன், உழைக்கத் தொடங்கினால் முதலில் எனக்கென்று ஒரு கதவு. உழைத்தேன். கதவும் கிடைத்தது. திறப்பு அந்த மனுசனிடம்.

ஒன்லைனில் விரல் அடையாளம் வைத்துத் திறக்கிற பூட்டு ஒன்றை வாங்கினேன். ஐயாவின் பூட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு அதைக் கொண்டியில் மாட்டினேன். அவர் வந்து பார்த்தார். "நல்ல சாமான். என்ர விரலையும் பதிஞ்சு விடுங்கோ" என்றார். நான் "பிறகு ஐயா" என்று இழுத்தடித்தேன். மூன்று கிழமை நிம்மதியாகப் போனது.

பிறகு ஒரு பங்குனி மத்தியானம். அவளுக்குக் காய்ச்சல். கடையில் லீவு கேட்டுக்கொண்டு வந்து விரலை வைத்தால் பூட்டில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே இருந்த பற்றரி வெயிலில் ஊதிச் செத்துவிட்டது. அவள் விறாந்தையில் சீமெந்து நிலத்தில் படுத்துக்கிடந்தாள். எனக்குச் செய்தி கிடைத்து நான் வரும்போது ஐயா இரும்புவாள் கொண்டு பூட்டை அறுத்து முடித்திருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"பற்றரியை நம்பி வீட்டைப் பூட்டலாமோ பிள்ளை? இந்த வீட்டில என்ர பூட்டுத்தான் சரி."

அறுந்த பூட்டை என் கையில் தந்தார். சிரித்தார். அவள் காய்ச்சலோடு கிடக்கிறாள், இவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்காகத்தான் பிறகு நானே ஒரு பூட்டைச் செய்தேன். வேறு பெரிய காரணங்களைப் பின்னாளில் மேடையில் சொன்னேன். உண்மைக் காரணம் அதுதான்.

என்ன பூட்டு வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கதவில் துளை போடக்கூடாது, கையில் கொண்டு திரிய வேண்டும், எந்த அறைக்குப் போனாலும் கொண்டியில் மாட்ட வேண்டும். பற்றரி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் திறந்தது என்று அது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். சாட்சி கேட்டார்கள் அல்லவா? சாட்சியைச் செய்துகொண்டு போகிறேன் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் நிலையத்தின் களஞ்சியத்தில் பழுதான பிரின்டர்கள் குவிந்து கிடந்தன. அவற்றுக்குள் சின்ன மோட்டர்கள் இருக்கின்றன. மோட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றும். கையால் சுற்றினால் அதே மோட்டர் மின்சாரம் தரும். இதை நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பூட்டின் அடியில் ஒரு குமிழ். அதை நாலைந்து தரம் திருகினால் உள்ளே மோட்டர் சுற்றி ஒரு துளி மின்சாரம் வரும். அந்தத் துளியில் உள்ளே இருக்கிற சிப் விழித்துக்கொள்ளும், முன்னால் பிடித்திருக்கிற திறப்புவில்லையை, காசளவு பிளாஸ்டிக் வட்டம் ஒன்றை, வாசிக்கும், அது தெரிந்த வில்லை என்றால் ஊசி போன்ற ஒரு ஆணியை உள்ளே இழுக்கும். மிச்ச வேலை கையுடையது. குமிழை இன்னும் ஒரு சுற்றுத் திருகினால் வளையம் விடும். திறந்த வில்லையின் இலக்கத்தை எழுதிவைத்துவிட்டுச் சிப் மறுபடி தூங்கிவிடும். மின்சாரம் இல்லாமலும் எழுதினது அழியாது. போனைக் கிட்டப் பிடித்தால் எழுதினதை வாசிக்கலாம்.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு ஒன்பது மாதம் எடுத்தது. முதல் பூட்டுக்கு இருபது தரம் திருகவேண்டியிருந்தது, அவள் "இது பூட்டோ, ஆட்டுக்கல்லோ?" என்று கேட்டாள். இரண்டாவதில் மாரி மழையில் தண்ணீர் போய் மோட்டர் துருப்பிடித்தது. மூன்றாவதை ஒரு தட்டுத் தட்டினாலே ஊசி விலகிப் பூட்டுத் திறந்தது. நகரத்தில் ஒரு லேத் கடைக்காரர் பூட்டின் உடம்பைக் கடைந்து தந்தார். அவர்தான் ஊசியைக் குறுக்கே வைக்கச் சொன்னவர். "நேர வைச்சால் குத்துத் தாங்காது தங்கச்சி. பக்கத்தால வரவிடுங்கோ" என்றார். அது சரிவந்தது.

சரிவராத ஒன்று இருந்தது. பற்றரி இல்லாத பூட்டுக்கு நேரம் தெரியாது. யாரும் திருகாதபோது அது செத்த இரும்பு. ஒரு மணி போனதோ ஒரு வருடம் போனதோ அதற்கு ஒன்றுதான். எத்தனையாம் தரம், எந்த வில்லை என்று சொல்லும். எப்போது என்று சொல்லாது. நாலு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். அவள்தான் சொன்னாள், "அக்கா, வேலைக்குப் போகேக்க வாசியுங்க. வந்து வாசியுங்க. நடுவுல கூடியிருந்தா, நாங்க இல்லாத நேரந்தானே?" இவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவில்லை.

மூன்று வில்லைகள் செய்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. மூன்றாவதை ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஐயா, இது பற்றரி இல்லாதது. உங்களுக்கும் ஒரு திறப்பு."

அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கெட்டிக்காரி. இப்பிடி ஒழுங்கா இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். பூட்டு எண்ணும் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. "எண்ணுது எண்டு சொன்னா வரமாட்டார், அவ்வளவுதானே எங்களுக்கு வேணும்?" என்றாள். நான் கேட்கவில்லை. எனக்கு அவர் வராமல் இருப்பது போதாது. அவரைப் பிடிக்கவேண்டும்.

முதல் கிழமை ஒன்றும் இல்லை. இரண்டாம் கிழமை செவ்வாய்க்கிழமை பின்னேரம் போனைப் பிடித்தேன். காலையில் பார்த்ததற்கு மேல் ஒரு வரி கூடியிருந்தது. மூன்றாம் வில்லை. வியாழக்கிழமை இரண்டு வரி. அடுத்த கிழமை நாங்கள் வேலைக்குப் போன ஐந்து நாளில் நாலு நாள். அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு நான் சந்தோசப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் கட்டிலில் ஒரு அந்நிய மனுசன் இருந்துவிட்டுப் போயிருக்கிறான், நான் பூட்டு வேலை செய்கிறது என்று சந்தோசப்படுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவரும் மனைவியும் முன்விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் இருவரும் போனோம். வரிகளை வாசித்தேன். நாள், காலைக் கணக்கு, மாலைக் கணக்கு, வில்லை இலக்கம். அவர் மறுப்பார், சத்தியம் பண்ணுவார், பூட்டுப் பிழை என்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அவர் கோப்பையை வைத்தார்.

"ஓம், போனனான். என்ர வீடு. அதுக்கென்ன இப்ப?"

ஒன்பது மாதம் நான் செய்த சாட்சி, அவர் மறுக்காத ஒரு விஷயத்துக்கான சாட்சி.

"எங்கட சாமானுகளை ஏன் தொடுறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு குமர்ப் பிள்ளையளை வைச்சிருக்கிறன். என்ன நடக்குதெண்டு நான் பாக்க வேண்டாமோ? நாளைக்கு ஏதும் ஒண்டெண்டால் என்ர பேர்தானே கெடும்?" பிறகு என்னைப் பார்த்து, மிக அன்பாக, "உங்கட வயித்துக்குத்துக்கு அந்தக் குளிசை சரியில்லைப் பிள்ளை. நல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார்.

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டா.

வரிகளை அச்சடித்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனேன். அதே அம்மா, அதே தண்ணீர். கடதாசியை வாசித்தா. "இதில எங்கயாவது அவர்ர கையெழுத்து இருக்கோ?" என்றா. அவர் ஒத்துக்கொண்டார் என்று சொன்னேன். "ஒத்துக்கொண்டவர் எண்டால் பிறகென்ன, கதைச்சுச் சமாதானமாப் போங்கோவன். வேற அறை பாக்கலாம்தானே." நான் கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதை அவாவின் மேசையிலேயே கிழித்துப் போட்டிருக்கவேண்டும். பண்பாக "நன்றி" சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

அந்த மாதமே அறையை விட்டோம். அவள் சொந்தக்காரப் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். எனக்குக் கிடைத்த அறை பளைப் பக்கம். ரயிலில் வந்து போகலாம்.

சில மாதங்களுக்குப் பிறகு வவுனியாவில் புதுக் கண்டுபிடிப்புகளுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். நிலையத்திலிருந்து என்னையும் பூட்டையும் அனுப்பினார்கள். அவளும் லீவு போட்டு வந்தாள், எனக்குத் துணையாக. மேசையில் பூட்டை வைத்து, அடைக்கப்பட்ட கதவு மாதிரி ஒரு பலகையும் வைத்து, வருகிறவர்களுக்குத் திறந்து காட்டினேன். "வாடகை அறைகளில் இருக்கும் பெண்களுக்காக" என்று எழுதி ஒட்டியிருந்தேன். நடுவர்கள் மூன்று பேரும் ஆண்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் கேட்டார், "வீட்டு உரிமையாளருக்கு எல்லாப் பூட்டையும் திறக்கிற ஒரு பொதுத் திறப்பு வைச்சிருக்கிறீங்களா? அது இல்லாம இது சந்தைக்குப் போகாதே."

"அது வேண்டாமெண்டுதான் சேர் இதைச் செய்தனான்."

"இல்லை மிஸ், நடைமுறையைப் பாக்கவேணும்."

அவர்கள் போன பிறகு ஒரு முதலாளி வந்தார். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு விடுதிகள் வைத்து நடத்துகிறவராம். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமானைப் பார்க்கிற மாதிரி அவருக்கு அவ்வளவு ஆசை.

"இருபது செய்து தருவியளோ? பிள்ளையள் எத்தினை மணிக்குப் போகினம், எத்தினை மணிக்கு வருகினம் எண்டு எனக்கு அப்பிடியே தெரியவேணும்."

"இதுக்கு நேரம் தெரியாது."

"அதுக்கும் ஒரு வழி பாருங்கோ. நீங்கள் கெட்டிக்காரிதானே."

கெட்டிக்காரி. அதே சொல். நான் பூட்டை அவர் கையிலிருந்து பறித்தேன். பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும், அவருடைய விரல் நோகிற மாதிரி. "விக்கிறதுக்கு இல்லை" என்றேன். சத்தம் கூடிவிட்டது போல, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பெற்றோருக்கும் விடுதி உரிமையாளர்களுக்கும் மிகவும் பயனுள்ள கண்டுபிடிப்பு என்று மேடையில் சொல்லிச் சான்றிதழ் தந்தார்கள். நான் வாங்கினேன். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ் மாங்குளத்தைத் தாண்டியது. அவள் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டு வந்தாள்.

"அக்கா, ஒண்டு சொன்னாக் கோவிப்பீங்களா?"

"சொல்லு."

"அந்தாள் கேட்டதுல என்ன அதிசயம்? நீங்கதானே ஆளை எண்ணுற பூட்டுச் செஞ்சீங்க. மூணாவது திறப்பை நீங்களே கொண்டுபோய்க் குடுத்தீங்க. பிழை அங்கதான்."

எனக்கு அவளில் கோபம் வந்தது. பிறகு அது அவளை விட்டு என்மேல் திரும்பியது. கிளிநொச்சியில் இறங்கும் வரைக்கும் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாளே பூட்டைப் பிரித்தேன். எண்ணுகிற பகுதியை அழித்தேன். இரண்டு வில்லை மட்டும். பூட்டை முதலில் கையில் எடுக்கிற ஆள் அந்த இரண்டையும் தன் கையால் பதியவேண்டும், அதற்குப் பிறகு மூன்றாவதைப் பதிய எனக்கும் ஏலாது. லேத் கடைக்காரர் கேட்டார், "ரெண்டும் துலைஞ்சால்?" "இரும்புவாளால அறுக்கட்டும்" என்றேன். அறுத்தால் அறுத்தது தெரியும். வெளிச்சத்தில், சத்தம் போட்டு, எல்லாரும் பார்க்க அறுக்கவேண்டும். சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பாயை மடித்துவைத்துவிட்டு வர முடியாது. அது எனக்குப் போதும் என்று நினைத்தேன். பூட்டைத் திருத்தியாயிற்று, என் கடமை முடிந்தது என்றும் நினைத்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று தை மாதத்தில் தெரிந்தது.

புதுப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளின் விபரப் படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி, இரணைமடுக் குளத்துக்கு அங்கால் வயல் செய்கிற குடும்பம். தற்காலிக விலாசம் என்ற இடத்தில் அந்த ஒழுங்கை, அந்த வீட்டு இலக்கம்.

அவளைக் கூப்பிட்டேன். "ஆர் இந்த இடம் சொன்னது?"

"எங்கட நோட்டீஸ் போட்டில இருந்தது மிஸ்."

அறிவித்தல் பலகைக்குப் போய்ப் பார்த்தேன். அதே பட்டியல். முதலாவது வரி. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லாமல், "இந்தப் பூட்டைப் போடு, ரெண்டு திறப்பையும் நீயே வைச்சிரு" என்று ஒரு பூட்டைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"ஐயா ஏலாது எண்டிட்டார் மிஸ். அவற்ர பூட்டு இல்லாட்டி அறை இல்லையாம்."

"உன்ர சாமான் ஏதும் இடம் மாறிக் கிடந்ததோ?"

அவள் தலையைக் குனிந்தாள். கண்ணீர் மேசையில் சொட்டியது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளுடைய வீட்டுக்கு நானே போன் எடுத்தேன்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அவளுடைய அம்மா வந்துவிட்டா. வயலில் நிற்கிற ஆளின் கை, கால் வெடிப்பு, நல்ல சேலை. நிலையத்து விறாந்தையில் நின்றபடியே நான் நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன்: குளிசை, பாய், பூட்டு, வரிகள், அலுவலகம். முடித்த பிறகு அவா கேட்டா:

"அப்ப உங்களுக்கு முதலே தெரியும்."

"ஓம்."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம் வரும்."

"தெரிஞ்சும் அந்த விலாசம் இந்தப் போட்டில கிடந்ததோ மிஸ்? நீங்கள் தப்பிப் போட்டியள். என்ர பிள்ளை போய் விழுந்திட்டாள். நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

நான் பூட்டுச் செய்துகொண்டிருந்தேன். பரிசு வாங்கிக்கொண்டிருந்தேன். பலகையில் இருந்த அந்தக் கடதாசியைக் கிழிக்க ஒரு நிமிடம் போதும், அதைச் செய்யவில்லை. "பிழைதான் அம்மா" என்றேன். "பிழைதான்" என்று அவாவும் சொன்னா. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

பிறகு அவாவே முன்னால் நடந்தா. நாங்கள் நிலையப் பொறுப்பாளரின் அறைக்குப் போனோம். அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.

"அவர் கோயில் சபையில இருக்கிறவர். ஆதாரம் இல்லாமல் நாங்கள் எப்பிடி...? எழுத்தில தாங்கோ."

"பேனை தாங்கோ" என்றேன்.

அந்த மேசையிலேயே எழுதினேன். முதல் தடவையாக ஒன்றையும் சுருக்காமல் எழுதினேன். உள்ளுடுப்பு என்கிற சொல்லையும் எழுதினேன். அடியில் என் பெயரைப் போட்டேன். அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். "போடு" என்றா அம்மா. போட்டாள். மத்தியானம் மருந்துக்கடைக்கு, என் பழைய அறைப் பிள்ளையிடம் கொண்டுபோனேன். அவள் வாசித்துவிட்டு, "பாயை விட்டிட்டீங்களே" என்று அதையும் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்தாள். மூன்று கையெழுத்து. பொறுப்பாளர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை நான் போகும்போது பலகையில் பழைய பட்டியல் இல்லை. புதிதாக ஒட்டியதில் அந்த வரி இல்லை.

ஐயா ஒரு கிழமையில் நிலையத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. வகுப்பு வாசலில் நின்று, பிள்ளைகள் எல்லாரும் கேட்க, "என்ர பேரைக் கெடுத்துப்போட்டீர். மகள் மாதிரி வைச்சிருந்தனே!" என்றார்.

"உங்கட மகளின்ர அலுமாரியையும் இப்பிடித்தான் கிண்டுவியளோ ஐயா?" என்று கேட்டேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். முற்றத்தில் மழையும் இல்லை, பெரிய வெயிலும் இல்லை.

இதைத் தாண்டி அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் இன்றும் கோயில் சபையில் இருக்கிறார். அறையை இப்போது நெல் மூட்டை அடுக்கக் கொடுத்திருக்கிறாராம். அந்தப் பிள்ளை எங்கள் மருந்துக்கடைப் பிள்ளையோடு, பெரியம்மா வீட்டு அறையில் இருக்கிறாள். பெரியம்மா திறப்புக் கேட்கவில்லை. பட்டியலில் ஒரு புது விலாசம் சேர்வதற்கு முன் நிலையத்திலிருந்து இரண்டு பெண்கள் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று ஒழுங்கு செய்திருக்கிறோம். ஒருத்தி நான். போனால் நான் கேட்கிற முதல் கேள்வி திறப்பைப் பற்றியது. சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், அந்த வரி பட்டியலில் ஏறாது.

பூட்டு இன்னும் செய்கிறேன். ஒரு மாதத்தில் நாலைந்து, அதற்கு மேல் லேத் கடைக்காரருக்கு நேரம் இல்லை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

அந்தப் பிள்ளையின் அம்மாவைச் சில வேளை கிளிநொச்சிச் சந்தையில் காண்பேன். மரக்கறி விற்க வருவா. பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று கேட்பா, நான் சொல்வேன். அதற்கு மேல் என்னோடு ஒரு சொல் கதைக்கமாட்டா. சிரிக்கவும் மாட்டா. அது அவாவின் நியாயம். நான் கத்தரிக்காயை நிறுத்து வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போவேன்.